படுவான்கரையின் மேய்ச்சல் வெளி

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. பட்டினமும் கடற்றுறையும் கல்லூரிகளும் கிழக்கே வாவியோரத்தில் அமைந்தன. அவற்றுக்கு வேண்டிய நெல், பால், தயிர், தேன், விறகு, வேலிக் கம்பு, கூரை வேயும் இலுக்குப் புல் ஆகியவற்றைப் படுவான்கரைதான் நெடுங்காலம் கொடுத்து வந்தது.

படுவான்கரையில் வயல் முடிந்து காடு தொடங்கும் இடங்களுள் உன்னிச்சையும் ஒன்று. இன்று அது மண்முனை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. மகிழவட்டவான் ஆற்றை மறித்துக் கட்டிய உன்னிச்சைக் குளம் 33 அடிவரை நீர் கொள்ளும். அதன் அணைக்கட்டில் கிழக்கு நோக்கி நின்றால் துருசுகளின் (மதகுகளின்) கீழ் வயல் வட்டைகள் வாவிவரை செல்கின்றன. மேற்கே குளத்து நீரும் அதற்கப்பால் காடும் புல்வெளியும் பாறைக் குன்றுகளும் ஊவா மலையடிவாரம்வரை தொடர்கின்றன. தெற்கே கெவிளியாமடு, மேற்கே புல்லுமலை, வடக்கே தரவை, குடும்பிமலை, மாதவனை, மயிலத்தமடு என்று பல பெயர்களில் அறியப்படும் இந்த நிலத்தொடர்தான் மட்டக்களப்பின் பொது மேய்ச்சல் வெளி. எந்தக் குடும்பத்திடமும் இதற்கு உறுதி இருந்ததில்லை. தமிழரும் முஸ்லிம்களும் வேடர் வழிவந்தோரும் இங்கு மாடு மேய்த்தார்கள், தேன் எடுத்தார்கள், விறகு முறித்தார்கள், பாலைப்பழமும் வீரைப்பழமும் உலுவிந்தையும் பறித்தார்கள். காலத்துக்குக் காலம் சிலர் சேனை வெட்டிப் பயிரிட்டு, பின்னர் அந்த நிலத்தைக் காட்டிடமே விட்டுவிட்டு வந்தார்கள்.

இந்த வெளியின் சட்டம் மழையோடு சேர்ந்து உருவானது. மட்டக்களப்பில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதன் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையே வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். பெரும்போக வேளாண்மை அந்த மழையை நம்பியது. விதைப்பதற்கு முன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் ஆரம்பக் கூட்டத்தில், நீர் திறக்கும் நாளும் விதைப்பு முடிக்கும் நாளும் குறிக்கப்படும். அவற்றோடு வயற்பரப்பிலிருந்து மாடுகளை அகற்ற வேண்டிய கடைசி நாளும் குறிக்கப்படும். பழைய காலத்தில் வயல் நீரைக் கவனித்த வட்டைவிதானையும் பெருநிலக்காரரான போடிமாரும் முடிவுசெய்த இந்த ஒழுங்கு, இன்று அரச அலுவலர் தலைமையில் நடக்கிறது. அந்தத் தவணை கடந்து வயலில் நிற்கும் மாட்டுக்கு உரியவர் நட்டம் கட்ட வேண்டும்.

தவணை நெருங்கியதும் மாட்டுப் பட்டிகள் மேற்கே நகரும். மாரி முழுவதும் அவை மேட்டுநிலத்துப் புல்லில் நிற்கும். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடை முடிந்த பிறகு வயலுக்குத் திரும்பி, வெட்டிய தாளையும் வரப்புப் புல்லையும் மேயும். அந்த மாதங்களில் வயலுக்கு வேறு எரு போட வேண்டியதில்லை. வயல்காரருக்கும் பட்டிக்காரருக்கும் இடையே கணக்குத் தீர்ந்தது இப்படித்தான்: ஒருவர் மாரியில் மாட்டை விலக்கி வைக்கிறார், மற்றவர் கோடையில் நிலத்தைத் திறந்துவிடுகிறார். ஆனால் இந்த ஏற்பாடு நிற்பதற்கு மேற்கே ஒரு திறந்த வெளி கட்டாயம் இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் விலக்கிய மாட்டை நிறுத்த இடமில்லை. படுவான்கரையின் நெல்லுக்கு அந்தப் புல்வெளியும் ஒரு முதல் என்பது பல திட்டங்களை வகுத்தவர்களின் கணக்கில் ஏறவே இல்லை.

குளங்களின் கீழ் சிறுபோகம் பெருகியபோது இத்தேவை இன்னும் கூடியது. முன்பு கோடையில் திறந்து கிடந்த வயலில் இப்போது ஏப்ரல், மே மாதங்களிலேயே மீண்டும் பயிர் நிற்கிறது. நீர்ப்பாசனம் விரிய விரிய, மாட்டுக்குக் கிழக்கே இடம் சுருங்கி மேற்கே தங்க வேண்டிய நாட்கள் அதிகமாயின.

கோடையின் உச்சத்தில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேட்டுப்புல் காய்ந்து நிறம் வெளுத்துவிடும். அப்போது பட்டிகளைக் காப்பாற்றுவது குளத்தின் அலைகரை. துருசு வழியே நீர் இறங்க இறங்க, உன்னிச்சைக் குளத்தின் மேற்கு ஓரம் கிழமைக்குக் கிழமை பின்வாங்கும். நேற்றுவரை நீருக்குள் கிடந்த சேறு சில நாட்களில் பசும்புல்லாக எழும். அதற்கடுத்த கிழமை அதன் முன்னால் இன்னொரு பட்டை பச்சை பிடிக்கும். எருமைகள் கழுத்தளவு நீரில் கிடக்க, நாட்டுமாடுகள் ஈரக்கரையில் மேய, அவற்றின் காலடியில் எழும் பூச்சிகளை உண்ணிக்கொக்குகள் கொத்தித் தின்னும். அந்தியில் மாடுகள் பட்டிக்குத் திரும்பிய பின் அதே புல்லுக்கு யானைகள் இறங்கும். ஒரே அலைகரையை மாடு பகலிலும் யானை இரவிலும் பங்கிட்டுக்கொண்ட காலம் நீண்டது. இன்று அந்தப் பங்கீடு குலைந்திருக்கிறது. வழித்தடம் அடைபட்ட யானை வயலுக்குள் வருகிறது, மின்வேலி மீறுகிறது, ஆட்களைக் கொல்கிறது, தானும் சாகிறது.

புல்வெளியின் இயற்கை தனியே கவனிக்கத் தக்கது. இலங்கையின் கிழக்குத் தாழ்நிலத்தில் பிபிலையிலிருந்து அம்பாறை, மட்டக்களப்பு எல்லைவரை அடர்காடும் வெறும்புல்லும் அல்லாத ஓர் இடைநிலைத் தரை காணப்படுகிறது. உயர்ந்த புல்லும் அதனிடையே விட்டுவிட்டு நிற்கும் மரங்களும் அதன் அடையாளம். நெல்லி, கடுக்காய், தான்றி ஆகிய மூன்றும் ஒரே தரையில் நிற்பதை அங்கு காணலாம். ஓடைக்கரைகளில் மருதும் நாவலும் ஓங்கி வளர, சற்று மேட்டில் பாலை, வீரை, முதிரை, கருங்காலி கொண்ட வறண்ட காடு தொடங்குகிறது. மாரியில் நிறைந்து கோடையில் வற்றும் மடுக்களும் வில்லுகளும் இடையிடையே கிடக்கின்றன.

இத்தகைய தரையைத் தொடாமல் விட்டால் அது காடாகிவிடும். புல்லைப் புல்லாக வைத்திருப்பவை தீயும் மேய்ச்சலும். ஆண்டுதோறும் கோடையில் முற்றிய புல்லுக்குத் தீ வைப்பது வேடரும் பட்டிக்காரரும் சேனைக்காரரும் நெடுங்காலம் செய்துவந்த வேலை. தடித்த பட்டை கொண்ட நெல்லியும் கடுக்காயும் அந்தத் தீயைத் தாங்கி நிற்க, மெல்லிய கன்றுகள் கருகிப் போகும். அடுத்த மழையில் சாம்பல்மேல் இளம்புல் எழும்போது மான், மரை, எருமை, மாடு எல்லாம் அதைத் தேடி வரும். ஆகவே இதை மனிதக் கை படாத கன்னிக்காடு என்று சொல்வது பிழை, பாழ்நிலம் என்பதும் பிழை. மனிதரும் விலங்கும் சேர்ந்து பல தலைமுறை பழக்கி வைத்த காட்டுவெளி இது. அளவு மிஞ்சிய தீ புல்லின் வேரையும் கெடுத்து, மழையில் மண்ணை அரித்துச் செல்ல விடும். பொதுநிலம் தாங்குவதற்கு எப்போதும் ஓர் அளவு உண்டு.

இந்தத் தரைக்கு ஏற்ற மாடும் இங்கேயே உருவானது. சிறிய உடலும் உறுதியான குளம்பும் கொண்ட நாட்டுமாடு வெயிலையும் உண்ணியையும் தாங்கும், காய்ந்த புல்லிலும் உயிர் பிடித்திருக்கும். கறவை குறைவு, நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றர் பால்தான். அதனால் ஒரு வீட்டுக்கு ஓரிரு மாடு வைத்துப் பயனில்லை, பட்டியாக வைத்தால்தான் வருமானம். பட்டி பெரிதானால் வீட்டு வளவில் தீவனம் போட்டு வளர்க்க முடியாது, திறந்த வெளி வேண்டும். பண்ணைமாட்டு வளர்ப்பைப் பரிந்துரைக்கும் அறிக்கைகள் இந்த நாட்டுமாட்டைப் பயனற்றது என்று எழுதுவதுண்டு. அதற்குத் தண்ணீரும் புல்லும் தவிர வேறு எந்தச் செலவும் இல்லை என்பதை அவை சேர்த்து எழுதுவதில்லை.

பட்டியின் நாள் விடியுமுன் தொடங்குகிறது. முந்தின மாலையே கன்றுகளைப் பிரித்துக் கம்புகளால் அடைத்த காலைக்குள் விட்டிருப்பார்கள். பசுக்கள் அதைச் சுற்றியே இரவு படுத்திருக்கும். ஆகவே கன்று உள்ளே இருக்கும்வரை தாய் எங்கும் போகாது. விடியலில் ஒவ்வொரு கன்றாகத் திறந்துவிட, அது ஓடிப்போய் முட்டிப் பால் சுரக்க வைக்கும். பிறகு கன்றைத் தாயின் முன்காலோடு கட்டிவிட்டுப் பட்டிக்காரர் கறப்பார், கன்றுக்கும் மீதம் வைப்பார். வெயில் ஏறுமுன் கறவை முடித்துப் பட்டியை வெளியில் விடுவார்கள். பால் முன்பு நடையாகவும் தோணியிலும் ஊருக்கு வந்தது. பின்னர் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கலன்களில் வந்தது. எருமைப் பாலை மண்சட்டியில் உறைய வைத்த தயிர் மட்டக்களப்பின் பெயரோடு சேர்ந்து நாடெங்கும் விற்பனையாகிறது. சட்டி செய்யும் மண்ணும், பால் காய்ச்சும் விறகும், பால் தரும் எருமை மேயும் புல்லும் ஒரே வெளியிலிருந்து வந்த காலம் ஒன்று இருந்தது.

மாட்டுக்கு உடையவர் பெரும்பாலும் வாவியோர ஊர்களில் இருந்தார். பல ஏக்கர் வயலும் பல நூறு மாடும் கொண்ட போடியார், பட்டியை மேய்ப்பவரிடம் ஒப்படைத்திருந்தார். எவருடைய மாடு என்பதை உடலில் சுட்ட குறி சொல்லும். குறிசுடும் நாளில் உறவினரும் அயற்பட்டிக்காரரும் கூடி, கன்றுகளை விழுத்திப் பிடிப்பார்கள். வேலி இல்லாத வெளியில் உடைமையைக் காத்தது இந்தக் குறியே.

எருமை பாலுக்கு மட்டும் வளர்க்கப்படவில்லை. உழவு இயந்திரம் வருமுன் நீர் தேங்கிய வயலில் எருமைகளைச் சுற்றிச்சுற்றி ஓட்டி மிதிக்கச் செய்தே சேறாக்கினார்கள். அறுவடைக்குப் பின் சூடு மிதித்ததும் அதே எருமைகள். இரவில் களத்தில் எருமைகளை வளைத்து நடத்தியவர்கள் பொலிப்பாட்டுப் பாடினார்கள். களத்தில் அன்றாடச் சொற்களை விலக்கிக் களத்துக்கே உரிய சொற்களைப் பேசும் வழக்கமும் இருந்தது. உழவு இயந்திரமும் பின்னர் வெட்டும் மெசினும் வந்தபின் அந்தப் பாட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பாட்டு மறைந்தது இரசனை மாறியதால் அல்ல, அதைப் பாடுவதற்கான எருமை களத்தை விட்டுப் போனதால்.

வேடர் இந்த வெளியின் மிகப் பழைய மக்கள். மட்டக்களப்பின் கரையோர வேடர் தமிழ் பேசுபவர்கள். செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய ஆய்வு நூலில் அவர்களுக்கும் இடம் உண்டு. படுவான்கரைக் கோயில்களின் தோற்றக் கதைகளிலும் வேடர் முன்னிற்கிறார்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் ஐதிகப்படி, கொக்கட்டி மரத்தை வெட்டிய வேடனின் கோடரி பட்டு இரத்தம் பெருகியபோதுதான் இலிங்கம் வெளிப்பட்டது. அதே கோயிலில், போர்த்துக்கேயத் தளபதியின் ஏளனத்துக்கு விடையாகக் கல் நந்தி எழுந்து புல் தின்றதாக இன்னொரு கதை வழங்குகிறது. மாட்டை வைத்து வாழ்ந்த சமூகம் தன் கடவுளின் வல்லமையை மாடு புல் தின்னும் காட்சியாகவே கண்டது.

மேய்ச்சலுக்கு நேரே உரிய தெய்வம் வதனமார். பட்டி பெருகவும் நோய் அணுகாதிருக்கவும் வதனமாருக்குச் சடங்கு செய்தார்கள். அதன் முக்கிய பகுதி குழுமாடு கட்டுதல். காட்டில் திரியும் கட்டுக்கடங்காத எருமையைத் தேடிச் சென்று பிடித்துக் கட்டி வருவதை ஆடிக் காட்டும் நிகழ்ச்சி அது. மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்த சி. மௌனகுரு இத்தகைய சடங்குகளில் நாடகத்தின் வேர்களைக் காண்கிறார். அவருடைய ஆய்வு 1998 இல் நூலாக வெளிவந்தது. காட்டுக்கும் ஊருக்கும் இடைப்பட்ட தொழிலொன்று அப்படியே ஆட்டமாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிழக்கிலங்கையில் குறைவு.

மேய்ச்சல் வெளியைப் பற்றிய ஆரம்பகால அச்செழுத்துக்கள் வெளியாரிடமிருந்து வந்தன. 1850களில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இலங்கையில் தாம் ஆடிய வேட்டைகளைப் பற்றி நூல்கள் வெளியிட்டார். மரங்கள் தூவிய கிழக்குப் புல்வெளியை அவர் ஒரு பெரும் பூங்காவாக வருணித்து, அங்கு யானைகளைச் சுட்டதைப் பெருமையோடு எழுதினார். ஆங்கில நிலவுடைமையாளரின் மாளிகையைச் சுற்றிய புல்வெளியை நினைவூட்டிய அந்தக் காட்சியை ஆக்கியவர்கள் தீ வைத்த வேடரும் மாடு மேய்த்த பட்டிக்காரருமே என்பது அவர் பார்வைக்குத் தட்டுப்படவில்லை. பிரித்தானிய ஆட்சியின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். வாவியில் இரவில் கேட்ட இசையொலியைப் பற்றி 1859 இல் வெளிவந்த தமது நூலில் எழுதி, பாடும் மீனை உலகறியச் செய்தார். அதன்பின் மட்டக்களப்பு என்றாலே வாவியும் மீனும்தான் எழுத்தில் முன்னின்றன. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளும் அந்த நீரிசையில் ஈடுபட்டு நீரர மகளிரைப் பாடினார். அவருடைய யாழ்நூல் 1947 இல் அரங்கேறியது.

படுவான்கரையின் குரலை நூலில் ஏற்றியவர்கள் தொகுப்பாளர்களே. த. சதாசிவ ஐயர் 1940 இல் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டை வெளியிட்டார். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964 இல் வந்தது. காவற்பரணில் விடிய விடிய விழித்திருந்தவர்கள் பாடிய கவிகளும் மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் விளித்துப் பாடிய காதற்கவிகளும் இத்தகையோரின் உழைப்பால் தப்பின. தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் ஒரே மெட்டில் வழங்கிய கவிகள் அவை.

கூத்துக்கும் இந்த நிலத்தின் ஆண்டுச் சுழற்சிக்கும் தொடர்பு உண்டு. வடமோடி, தென்மோடிக் கூத்துக்களைப் பழகவும் அரங்கேற்றவும் வேளாண்மை வேலை ஓய்ந்த இரவுகள் வேண்டும். ஆடுபவர்கள் வயலிலும் பட்டியிலும் பகலைக் கழித்தவர்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிச் செம்மையாக்கி, கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1967) ஆகியவற்றை மேடையேற்றினார். படித்தவர்களின் அரங்கில் கூத்துக்குக் கிடைத்த மதிப்பு பெரிது. ஆனால் விடியும்வரை வட்டக்களரியில் ஆடிய நேரம் ஒன்றரை மணியாகச் சுருங்கியபோது, அந்த நேரத்தைத் தந்த வாழ்க்கை முறையும் ஊர்களில் சுருங்கத் தொடங்கியிருந்தது.

கவிதையில் நீலாவணன் முதலிடம் பெறுகிறார். பெரியநீலாவணையைச் சேர்ந்த அவர் 1975 இல் மறைந்தார். மட்டக்களப்பு உழவர் வாழ்வை அவ்வூர்ப் பேச்சு மணக்கப் பாடிய அவருடைய வேளாண்மைக் காவியம் 1982 இல் நூலாயிற்று. எம். ஏ. நுஃமான் முதலிய கல்முனைக் கவிஞர்களும் நிலத்தையும் உழைப்பையும் தங்கள் பொருளாக்கினர். எனினும் வயலுக்குக் கிடைத்த இலக்கிய இடம் மேய்ச்சல் வெளிக்குக் கிடைக்கவில்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் வயலோர ஊர்களின் ஆசிரியர்கள்; பட்டியில் இரவு தங்கியவர்கள் எழுத்துக்கு வரவில்லை. அந்த வாழ்வு சடங்கிலும் கவியிலும் மட்டுமே தன்னைப் பதிந்து வைத்தது.

ஆட்சியின் பதிவுகளில் இந்த வெளி வேறு விதமாக ஏறியது. 1628 இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரும் 1638 இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் மேற்குக் காட்டில் அதிகம் தலையிடவில்லை. 1784 முதல் 1794 வரை இங்கு ஒல்லாந்த அதிபராக இருந்த யாக்கோப் பர்னாண்ட் நெற்செய்கையை விரிவாக்க முயன்றார். அடிப்படை மாற்றம் பிரித்தானியர் காலத்தில் நடந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் அனைத்தும் வேறு சான்று காட்டப்படும்வரை முடிக்குரியவை என்று விதித்தது. 1897 ஆம் ஆண்டின் தரிசுநிலச் சட்டம் அதை மேலும் இறுக்கியது. பயிரிடாமல் வைத்திருப்பதே மேய்ச்சல் நிலத்தின் பயன். அந்தப் பயன்பாடே உரிமையின்மைக்குச் சான்றாகிவிட்டது.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கே பிரித்தானிய வருவாய்ப் பதிவேடுகள் ஊர்தோறும் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒரு வகையைக் குறித்து வைத்தன. அந்த நிலங்களும் பின்னர் ஆக்கிரமிக்கப்பட்டன என்றாலும், வழக்காடுவதற்கு ஒரு பதிவேடாவது இருந்தது. இங்கிலாந்தில் பொதுநிலங்களை வேலியிட்டு அடைக்கப் பாராளுமன்றம் தனித்தனிச் சட்டங்கள் இயற்றியது. தம் ஊரான ஹெல்ப்ஸ்டன் 1809 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடைபட்டதைக் கண்ட ஜோன் கிளேர் என்ற உழைப்பாளிக் கவிஞர் அந்த இழப்பைப் பாடினார். மட்டக்களப்பில் அடைப்புச் சட்டத்துக்கே தேவை வரவில்லை. பட்டிக்காரர் மேய்த்துக்கொண்டிருந்த தரை காகிதத்தில் வெறும் அரச காணியாக ஏற்கனவே மாறியிருந்தது.

நூறாண்டுக்கு மேல் அந்தக் காகிதம் நடைமுறையில் எதையும் மாற்றவில்லை. மலேரியாவும் யானையும் தண்ணீர்த் தட்டுப்பாடும் மேற்கைக் காத்தன. 1856 இல் நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்த ஆளுநர் ஹென்றி வார்ட் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்துவித்தார். பின்னர் உறுகாமம், உன்னிச்சை, நவகிரி என ஒவ்வொரு குளமாகச் சீர்பெற, வயலின் எல்லை மேற்கே நகர்ந்தது. 1946 இல் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கியபின் மலேரியா அடங்கியது. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. மாவட்டத்தின் தென்மேற்குக் காடும் புல்லும் வயலாகவும் கரும்பாகவும் குடியேற்றங்களாகவும் மாறின. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. தெற்கே இடமிழந்த பட்டிகளுக்கு வடமேற்குத் தரையே எஞ்சியது.

அங்கும் மகாவலித் திட்டம் வந்தது. 1979 ஆம் ஆண்டின் மகாவலி அதிகாரசபைச் சட்டம் விரிந்த நிலப்பரப்புகளைத் தனியொரு நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தது. மாதுறு ஓயா அணை 1983 இல் முடிந்தது. அதன் நீர் பாயும் நிலம் பி வலயம். அதே ஆண்டு நொவெம்பரில் மாதுறு ஓயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டு, 588 சதுர கிலோமீற்றரில் வேட்டையும் மேய்ச்சலும் தடைப்பட்டன. தம்பானைப் பகுதி வேடரில் பலர் பெயர்க்கப்பட்டனர். ஒருபுறம் குடியேற்றம், மறுபுறம் வனவிலங்குப் பூங்கா என்று நிலம் பிரிந்தபோது, இரண்டிலும் சேராத மேய்ச்சலுக்குப் பெயரே இல்லாமல் போயிற்று.

இயற்கையும் போரும் சேர்ந்தே தாக்கின. 1978 நொவெம்பர் 23 அன்று வீசிய சூறாவளி ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொன்று, பெருமரங்களைச் சாய்த்து, பட்டிகளை அழித்தது. 1987 இல் இந்தியப் படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வெக்கைநோய் திருகோணமலையில் இறங்கி, வடக்கிலும் கிழக்கிலும் மாடு, எருமைகளிடையே பரவியது. இலங்கையில் அதன் கடைசித் தொற்று 1994 இல் பதிவாயிற்று. உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக 2011 இல் அறிவித்தார்கள். உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் படுவான்கரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் எழுவான்கரை அரச கட்டுப்பாட்டிலும் பெரும்பாலும் இருந்தன. தோணித்துறைகள் சோதனைச் சாவடிகளாயின. 2007 இல் வவுணதீவு, உன்னிச்சைப் பக்க மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் குடும்பிமலை படையினர் வசமானது. மாடுகள் உரியவரின்றிக் காட்டில் திரிந்தன.

போர் முடிந்தபின் பட்டிகள் மயிலத்தமடு, மாதவனைக்குத் திரும்பின. அந்தத் தரை, பி வலயத்தின் வலதுகரையில், மகாவலி அதிகாரசபையின் கீழ் வருகிறது. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த சிங்கள விவசாயிகள் அங்கு காடு வெட்டிச் சோளம் பயிரிட, பண்ணையாளர்களுக்கும் அவர்களுக்கும் இடையே மோதல் மூண்டது. 2020 இல் அது கூர்மையடைந்து மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்றது. மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் பொறிகளில் சிக்கியும் இறப்பதாகப் பண்ணையாளர்கள் தொடர்ந்து முறையிட்டார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை நடந்த பேரணியின் கோரிக்கைகளில் இந்த மேய்ச்சற்றரையும் இடம்பெற்றது. 2023 செப்டெம்பர் 15 அன்று பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கி, ஓராண்டுக்கு மேல் வீதியோரப் பந்தலில் இருந்தார்கள். கெவிளியாமடுவிலும் இதே வகைச் சிக்கல் உண்டு. இடையில் 2022 டிசெம்பரில், புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் ஒரே வாரத்தில் செத்தன. ஏற்கனவே ஒதுங்க இடம் சுருங்கியிருந்த பட்டிகளுக்கு அது பேரடி.

பொதுநிலம் என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று கரெட் ஹார்டின் 1968 இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் நிலத்துறைக் கொள்கைகளில் செல்வாக்குப் பெற்றது. தமக்குள் விதி வகுத்துப் பொதுவளங்களை நூற்றாண்டுகளாகக் காத்த சமூகங்களை எலினோர் ஒஸ்ரம் 1990 இல் வெளியான நூலில் எடுத்துக்காட்டினார். 2009 இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. படுவான்கரை ஒஸ்ரம் காட்டிய வகையைச் சேர்ந்தது. விலக்கும் நாள், திரும்பும் நாள், குறி, நட்ட ஈடு, தீ வைக்கும் பருவம் என்று விதிகள் அங்கு இருந்தன. நிலத்தின் எல்லையை வெளியார் தீர்மானித்ததே அவற்றைச் செயலிழக்கச் செய்தது.

உன்னிச்சைக் குளத்து நீர் இன்று வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகருக்கும் அயலூர்களுக்கும் குடிநீராகச் செல்கிறது. குளத்துக்கு நீர் தரும் மேட்டுநிலம் இந்த மேய்ச்சல் வெளியோடு ஒன்றாகவே கிடக்கிறது. அங்கு புல்லும் மரமும் போனால் மாரிவெள்ளம் மண்ணோடு குளத்துக்குள் இறங்கும், கொள்ளளவு குறையும், சிறுபோகமும் குடிநீரும் ஒருசேர முட்டுப்படும். பண்ணையாளர் சங்கங்கள் கேட்பது புதுச்சலுகை எதுவும் இல்லை. மேய்ச்சற்றரையின் எல்லையை அளந்து, அதை மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கி, வர்த்தமானியில் வெளியிட வேண்டும் என்பதே அவர்களுடைய கோரிக்கை. பெரும்போக ஆரம்பக் கூட்டங்களோ மாடுகளை வயலிலிருந்து அகற்றும் தவணையை ஆண்டுதோறும் குறித்துக்கொண்டேயிருக்கின்றன.